‘தேவை இல்லை’ என்று எழுதிய கை

தலைமை தாங்குவதோடு எங்கள் தாமதத்தையும் தாங்கிக்கொண்டு, காலை ஒன்பது மணி முதல் அசையாமல் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, அவருக்கு வலப்புறம் வியர்வையைத் துடைத்தபடி வீற்றிருக்கும் சுகாதார அலுவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் முழங்கி, எனக்கென்று ஒரு நல்ல சொல்லையும் மிச்சம் வைக்காமல் போன தலைமையாசிரியர் அவர்களே, பன்னிரண்டு தெருக்களிலிருந்து படையெடுத்து வந்திருக்கும் பெரியோர்களே, பெரியோர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளே, வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, ‘பாட்டி எப்போது முடிப்பாள்’ என்று கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் தெருக்காரர்களே, கடைசி வரிசையில், கதவோரத்தில், முழு நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டுப் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் சகோதரியே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

அந்தக் கடைசி வரிசைச் சகோதரி யார் என்று திரும்பிப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம், பயந்து எழுந்து போய்விடுவார். நானே சொல்கிறேன், பொறுங்கள்.

மேடை ஏறும் முன் என் கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ‘ஏற்புரை, ஐந்து நிமிடம்’ என்று அதில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தானே, வகுப்புக்கு ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். இந்தத் தாளை மூன்று நாள் உட்கார்ந்து என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பற்றியும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் களைத்துப்போயிருக்கிறேன். நாற்காலி போட வேண்டாம் ஐயா, இது உட்கார்ந்தால் போகிற களைப்பு இல்லை. நேற்றுக் கூட்டிய இடத்தை இன்று கூட்டி, இன்று கூட்டிய இடத்தை நாளையும் கூட்ட வேண்டும் என்று தெரிந்தே துடைப்பத்தை மூலையில் சாத்துகிறவளின் களைப்பு. குப்பைக்கு முழங்கால் இல்லை, முதுகு இல்லை, மூப்பு இல்லை. நமக்கு மூன்றும் இருக்கின்றன. நான் தோற்றுப்போனேன் என்று சொல்ல வரவில்லை. களைத்துப்போனேன் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடுகள். தெருமுனையில் ஒரு காலிமனை. ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் அதைக் காலிமனை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவு நிறைந்திருந்தது. கறுப்புப் பை, வெள்ளைப் பை, கட்டிய பை, கிழிந்த பை. யார் போட்டது என்று கேட்டால் யாரும் போடவில்லை. அப்படியானால் எப்படி வந்தது? நடந்து வந்ததா? பறந்து வந்ததா? பேருந்து பிடித்து வந்து எங்கள் முனையில் இறங்கிக்கொண்டதா?

எங்கள் தெருவில் ஒரு தையற்காரத் தம்பி இருக்கிறார். இதோ, முன்வரிசையில், காதிடுக்கில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். விழாவுக்கு வரும்போதாவது அதை எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். அன்றைக்கு அவரைத்தான் முதலில் கேட்டேன்.

“யாரு தம்பி இங்க குப்பையைக் கொட்றது?”

“எல்லாம் வெளித்தெருக்காரங்கக்கா. நம்ம ஆளுங்க செய்வாங்களா? படிச்சவங்க இருக்கற தெரு இது” என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

மறுநாள் காலையில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய், ஒரு கறுப்புப் பையைப் பிரித்து அங்கேயே கவிழ்த்தேன். பழத்தோலுக்கும் பழைய செய்தித்தாளுக்கும் நடுவில் பச்சைத் துணித் துண்டுகள் எட்டிப்பார்த்தன. எனக்குத் தெரிந்த பச்சை. என் மருமகள் தைக்கக் கொடுத்திருந்த பச்சை. துண்டுகளை அள்ளிக்கொண்டு நேராகத் தையற்கடைக்குப் போனேன்.

“தம்பி, இந்த வெளித்தெருக்காரங்க நம்ம வீட்டுத் துணியைத் தைக்கறாங்க போலிருக்கே” என்றேன்.

அவர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தையல் இயந்திரத்தை நிறுத்தினார். “அக்கா, அளவு சரியா இருந்துச்சான்னு மட்டும் மருமகளைக் கேட்டுச் சொல்லிடுங்க” என்றார்.

இப்போது சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. அவரைத் திட்டினேனா? இல்லை. தெருவைக் கூட்டி வைத்து மானத்தை வாங்கினேனா? இல்லை. தூய்மைக் குழு ஒன்று தொடங்கி, பிடிபட்டவரையே செயலாளர் ஆக்கினேன். ஏழு ஆண்டாக அவர்தான் செயலாளர். அவரைவிட நல்ல செயலாளர் கிடைக்க மாட்டார். ஒரு பை எங்கே போகும், எந்த நேரத்தில் போகும், எந்தச் சுவருக்குப் பின்னால் போகும் என்று அவருக்குத்தானே தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு இரண்டு தொட்டி என்று முடிவு செய்தோம். ஒன்று ஈரக் குப்பைக்கு, ஒன்று காய்ந்த குப்பைக்கு. இருபத்தாறு வீட்டுக்கு ஐம்பத்திரண்டு தொட்டி. ஐம்பத்திரண்டு தொட்டிக்கும் சீட்டு எழுதி ஒட்டியவள் நான். ‘ஈரம்’, ‘காய்ந்தது’. பள்ளியில் நான் வாங்கிய ஒரே பரிசு கையெழுத்துக்கு. கணக்கில் நான் கடைசி, கையெழுத்தில் நான் முதல். அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை. ஐம்பத்திரண்டு சீட்டையும் அச்சில் வார்த்ததுபோல் எழுதினேன். மழையில் மை கரைந்தால் மறுபடி எழுதினேன். தெருவில் நடக்கும்போது என் எழுத்து வாசலுக்கு வாசல் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

இனி அந்தக் கடைசி வரிசைச் சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவைக் கூட்டியவர் அவர். நகர்மன்றத் துப்புரவுப் பணியாளர். என்னைவிடப் பதினாறு வயது இளையவர், ஆனாலும் தெரு முழுவதற்கும் அவர் விசிலக்கா. காலை ஆறரை மணிக்குத் தள்ளுவண்டியோடு வருவார். வருடக்கணக்கில் ‘குப்பை, குப்பை’ என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய், குரல் திரும்பவே இல்லை. அதனால் கழுத்தில் ஒரு விசில். நீளமாக ஒரு ஊதல் ஊதினால் ஈரத் தொட்டியைக் கொண்டுவர வேண்டும். குட்டையாக இரண்டு ஊதினால் காய்ந்த தொட்டி. என் வீட்டு வாசலில் மட்டும் சில நாள் மூன்றாவதாக ஒரு சின்ன ஊதல் கேட்கும். அதற்கு அர்த்தம், ‘அம்மா, இன்னும் எழுந்திருக்கலையா’ என்பது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரே மாதத்தில் சீட்டைப் பார்த்தே இது ஈரம், இது காய்ந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆச்சரியம்.

“என்ன விசிலக்கா, படிக்கக் கத்துக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“படிக்கலம்மா. முகம் பாத்து வச்சுக்கிட்டேன். இது குண்டு முகம், இது நீட்டு முகம்.”

எழுத்துக்கு முகம் உண்டு என்று என் ஆசிரியர்கூட எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருக்காரர்கள் நாங்களும் இறங்கினோம். ஏழு மணிக்குத் துடைப்பம், எட்டு மணிக்குத் தேநீர், எட்டேகாலுக்குப் படம். வரிசையாக நின்று, துடைப்பத்தைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு, எத்தனை படங்கள். செய்தித்தாளில் வந்தோம். பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்துப் போனார்கள். நாங்கள் செய்தது பொய் இல்லை, அன்பர்களே. காலிமனையை மறுபடி காலிமனையாக்கினோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நாங்கள் கூட்டினோம். திங்கள் யார்? செவ்வாய் யார்? புதன் யார்? வியாழன், வெள்ளி, சனி யார்? மழை பெய்து சாக்கடை தெருவுக்கு வந்த அன்று யார்? எங்கள் ஒரு நாளுக்குப் படம் இருந்தது. அவருடைய ஆறு நாளுக்குப் படம் இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, தெரு எங்களால்தான் பளபளக்கிறது என்று நாங்களே நம்பிவிட்டோம்.

அப்போதுதான் இந்தப் போட்டி வந்தது. ‘தன்னைத்தானே காக்கும் தெரு’. பெயரே எவ்வளவு கம்பீரம் பாருங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தையற்கடையின் வெட்டு மேசை மேல் விரித்தோம். சுற்றிலும் பத்துப் பேர்.

“அக்கா, நீங்களே எழுதுங்க. உங்க எழுத்தைப் பாத்தாலே பாதிப் பரிசு கொடுத்துடுவாங்க” என்றார் செயலாளர். அது போதாதா எனக்கு? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றாம் கேள்வி, வீடுகள் எத்தனை. எழுதினேன். இரண்டாம் கேள்வி, தொட்டிகள் எத்தனை. எழுதினேன். எட்டாம் கேள்வி, ‘இத்தெருவுக்குத் தேவைப்படும் துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர்?’

பேனா நின்றது. ஒரு கணம்தான். சுற்றி நின்றவர்கள் என் கையைப் பார்த்தார்கள்.

“ஒருத்தர்னு போட்டா நம்ம என்னத்தைத் தன்னைத்தானே காத்தோம்னு கேப்பாங்களே” என்றது ஒரு குரல்.

என் மருமகள் மட்டும் பின்னாலிருந்து சொன்னாள். “அத்தை, வேண்டாம். அவசரப்பட்டு எதையும் எழுதாதீங்க. நாளைக்குக் குனிஞ்சு கூட்டப்போறது உங்க இடுப்புதான்.”

மருமகள் சொன்னால் மாமியார் எழுதாமல் இருப்பாளா? நீங்களே சொல்லுங்கள். எழுதினேன். ‘எவரும் தேவை இல்லை. எங்கள் தெருவை எங்கள் கைகளே காக்கும்.’ எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய வரிகளில் அதுதான் அழகான வரி. அதுதான் அசிங்கமான வரியும்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, தெருவைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். தெரு கண்ணாடிபோல் இருந்தது. ஏன் இருக்காது? ஆறரை மணிக்கு விசிலக்கா கூட்டியிருந்தாரே.

“இதெல்லாம் நீங்களே பண்றீங்களா?” என்று கேட்டார்கள்.

“நாங்களேதான் சார்” என்றோம். செயலாளர் மட்டுமல்ல, நானும் சொன்னேன். விசிலக்கா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விசில் கேட்கவில்லை.

உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம். செவ்வாய்க்கிழமை, உறவு வீட்டில் ஏதோ காரியமோ என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமைதான் விவரம் தெரிந்தது. தேவை இல்லை என்று எழுதிக் கொடுத்த தெருவுக்கு ஆள் எதற்கு? விசிலக்காவைத் தூக்கிக் கொண்டுபோய் நகரத்தின் மறுகோடியில் மொத்தக் காய்கறிச் சந்தையில் போட்டுவிட்டார்கள். அலுவலர் ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நாங்கள் எழுதியதைப் படித்தார், படித்ததைச் செய்தார். பொய் படித்தவரிடம் இல்லை, எழுதியவரிடம்.

பிறகு எங்கள் கைகள் தெருவைக் காத்த கதையைக் கேளுங்கள். முதல் ஞாயிறு முப்பத்தொரு பேர் வந்தோம். கோஷம் போட்டோம். இரண்டாம் ஞாயிறு பதினேழு பேர். ஒருவருக்குத் தும்மல், ஒருவருக்கு விருந்தாளி. மூன்றாம் ஞாயிறு ஒன்பது பேர். இரண்டாம் மாதம் நான்கு. போன ஞாயிறு இரண்டு பேர், நானும் ஓய்வுபெற்ற நடத்துநர் ஐயாவும். அவருக்கு முதுகு வளையாது, எனக்கு முழங்கால் மடங்காது. அவர் நின்றபடி காட்டுவார், நான் உட்கார்ந்தபடி கூட்டுவேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். சிரிக்காதீர்கள், இதற்கு மட்டும் சிரிக்காதீர்கள். மருமகள் சொன்ன இடுப்பு அன்றாடம் அவள் பெயரைச் சொல்கிறது. காலிமனையில் கறுப்புப் பைகள் திரும்பி வந்துவிட்டன. ஐம்பத்திரண்டு சீட்டில் பாதி கிழிந்துவிட்டது. நீங்கள் இன்று பரிசு கொடுப்பது நான்கு மாதத்துக்கு முந்தைய தெருவுக்கு. இன்றைய தெருவை வந்து பார்த்தால் பரிசோடு, அதை வைத்திருக்கும் இந்த மேசையைக்கூடத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

போன மாதம் சந்தைக்குப் போனேன். ஒரு பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனேன். பின்பக்கம், அழுகிய காய்கறி மலைபோல் கிடக்கும் இடம். கணுக்கால் வரைக்கும் கறுப்புத் தண்ணீர். அதில் நின்று மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் இல்லை. அங்கே யாரைக் கூப்பிட ஊதுவது?

“அம்மா, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வரீங்க? வழுக்கி விழுந்துடுவீங்க” என்றார்.

“உன்னைப் பாக்கத்தான். அம்மா எப்படி இருக்காங்க?”

அவருடைய தாயாருக்குக் கண் தெரியாது. எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. பத்தரை மணி இடைவேளையில் ஓடிப்போய்ச் சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஓடிவருவார். சந்தையிலிருந்து எப்படி ஓடுவது?

“பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். ஞாபகம் இருந்தா கொடுப்பாங்க. இல்லாட்டி நான் போறவரைக்கும் உக்காந்திருக்கும். போன வாரம் தானா எழுந்து கீழ விழுந்துடுச்சு” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். “மேஸ்திரி அந்தத் தாளைக் காட்டினாரும்மா. உன் தெருவுக்கு நீ வேண்டாமாம், பாரு, எவ்வளவு அழகா எழுதியிருக்காங்கன்னு சொன்னாரு. யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அன்பர்களே, தாய்மார்களே, நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

“தெரியலையேம்மா” என்றேன்.

காலிமனையில் குப்பையைக் கொட்டிவிட்டு வெளித்தெருக்காரன் என்று சொன்ன தையற்காரத் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் கொட்டியது துணித் துண்டு. நான் கொட்டியது ஒரு மனுஷியை. காலிப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்துதான் இந்தக் களைப்பு. கூட்டியதால் வந்த களைப்பு என்று இத்தனை நேரம் உங்களிடம் சொன்னேனே, அது பாதி.

விசிலக்கா, கேட்கிறதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? இந்த விழாவுக்கு வா என்று உன்னை நான்தான் கூப்பிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தத் தாளை எழுதியவள் நான். செயலாளர் இல்லை, தெரு இல்லை, நான். உன்னை வேண்டாம் என்று எழுதியது இந்தக் கை.

என்ன? எழுந்து நின்று ஏதோ சொல்கிறார். ஐயா, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள், அவருக்குத் தொண்டை கிடையாது. நீங்கள், கதவுப் பக்கம் நிற்பவரே, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

‘தெரியும்’ என்கிறாராம்.

தெரியுமா? எப்படித் தெரியும்?

‘மேஸ்திரி தாளைக் காட்டினப்பவே தெரியும்மா. தொட்டிச் சீட்டுல இருக்கற அதே குண்டு முகம், அதே நீட்டு முகம். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்குக் கேட்டேன்.’

எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஏழு ஆண்டு என் எழுத்தின் முகத்தைப் பார்த்துப் பழகியவர். நான்கு மாதமாக என் முகத்தைப் பார்த்து ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று ஒரு வார்த்தை கேட்காதவர். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று இத்தனை காலம் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். படித்தது யார் என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

சரி. அழுது முடிக்க வந்த கூட்டம் இல்லை இது. காரியத்துக்கு வருகிறேன்.

போன வாரம் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். விதி என்ன என்று கேட்டேன். கேடயம் வாங்கும் தெருவுக்கு மூன்று ஆண்டுக்குப் பணியாளர் கிடையாது. பணியாளர் வேண்டுமானால் கேடயம் கிடையாது. அதோ, மேசை மேல் மின்னுகிறதே, அந்தக் கேடயம். அதைத் தொட்டால் மூன்று ஆண்டுக்கு விசிலக்கா சந்தைச் சேற்றில். அதனால்தான் நான் பேச வருமுன் அம்மையார் அவர்கள் இரண்டு முறை எடுத்து நீட்டியும் நான் இரண்டு முறையும் தண்ணீர் குடித்தேன். மரியாதைக் குறைவு இல்லை அம்மா, மன்னிக்க வேண்டும். அதை நான் தொடப்போவதில்லை.

முன்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. செயலாளர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் தம்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

‘அக்கா, மேடையில வச்சு வேண்டாம்னு சொன்னா நம்ம தெரு மானம் என்ன ஆகறது? கேடயத்தை வாங்கிக்கலாம், அப்புறமா மெதுவா ஆளையும் கேக்கலாம். நான் அதை வைக்கக் கடையில தட்டு அடிச்சு, மேல பல்பு வேற மாட்டிட்டேனே.’

பல்பு இருக்கட்டும் தம்பி. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தையுங்கள், கண்ணுக்கு நல்லது. மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மானம் எது? மண்டபத்தில் வாங்குவதா, மறுநாள் காலை தெருவில் இருப்பதா? கூட்டாத தெருவில் கேடயத்தை மாட்டினால் அது கேடயமா, கேலியா? ‘தன்னைத்தானே காக்கும் தெரு’ என்று ஒன்று உலகத்தில் உண்டா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை. ஒவ்வொரு தெருவையும் யாரோ ஒருவர் குனிந்துதான் காக்கிறார். அந்த ஒருவரைத் தெரிந்து வைத்திருக்கும் தெரு நல்ல தெரு. தெரியாதது போல் இருக்கும் தெரு எவ்வளவு பளபளத்தாலும் குப்பை.

தெருக்காரர்கள் கூட்டவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், தும்மல் இருந்தாலும் வாருங்கள். பையைக் கட்டித் தொட்டியில் போடுங்கள். அவருடைய முதுகு பத்து முறை குனிய வேண்டிய இடத்தில் ஒன்பது முறை குனியட்டும் என்று செய்யுங்கள். அதுதான் நம் வேலை. அவருக்குக் கை கொடுப்பது நம் வேலை. அவர் கையை வெட்டிவிட்டு நம் கையைப் படம் எடுத்துக்கொள்வது நம் வேலை இல்லை.

இதோ, என் தாளுக்கு அடியில் இன்னொரு தாள். புது விண்ணப்பம். இதுவும் என் கையெழுத்துதான். ‘எங்கள் முந்தைய விண்ணப்பத்தின் எட்டாம் பதில் உண்மையல்ல. எங்கள் தெருவுக்கு ஒரு பணியாளர் தேவை. முன்பு இருந்தவரே தேவை.’ வீடு வீடாக ஏறி இறங்கினேன். இருபத்தாறு வீட்டில் பத்தொன்பது வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஏழு வீடு கேடயம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றது. அந்த ஏழில் ஒன்று தையற்கடை.

மேடைக்கு வருகிறார். வழி விடுங்கள். கோபத்தில் வருகிறாரோ என்று பார்த்தேன். காதிலிருந்து பென்சிலை எடுக்கிறார். பென்சில் வேண்டாம் தம்பி, அழிந்துவிடும். பேனா வாங்கிக்கொள்ளுங்கள், தலைமையாசிரியர் சட்டைப் பையில் மூன்று இருக்கிறது. போட்டுவிட்டார். இருபது.

‘பல்பைக் கழட்டவா அக்கா’ என்று காதில் கேட்கிறார். வேண்டாம். இருக்கட்டும்.

அலுவலர் ஐயா, தாள் உங்கள் கையில். ‘பரிசீலிக்கிறோம்’ என்கிறீர்கள். அந்தச் சொல்லை நானும் அழகாக எழுதுவேன் ஐயா. அது எந்தக் கிழமையில் வரும் என்று சொல்லுங்கள். சட்டைப் பையில் மடித்து வைக்க வேண்டாம், கோப்பிலே வையுங்கள். தலைவர் அம்மையார் உங்கள் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறார். நல்லதாகத்தான் இருக்கும், அவர் முகம் அப்படி இருக்கிறது.

திங்கட்கிழமையா? எந்தத் திங்கட்கிழமை? வருகிற திங்கட்கிழமை. எல்லோரும் கேட்டுக்கொண்டீர்களா? கேட்டது போதாது ஐயா, அடியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுத்தால் போனவர் எழுத்தால்தான் திரும்ப வேண்டும். வாய்ச்சொல்லால் அவரைக் கூப்பிட்டு மறுபடி ஏமாற நான் விடமாட்டேன். ஆம், அங்கேயே, கையெழுத்தும் தேதியும். நன்றி. உங்கள் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பரவாயில்லை, படிக்க முடிகிறது.

பின்வரிசையில் சிலர் விசிலக்காவைப் பார்த்து ஊதச் சொல்கிறீர்கள். அவர் தலையை ஆட்டி மறுக்கிறார். விடுங்கள், வற்புறுத்த வேண்டாம். அது வேடிக்கைக்கு ஊதுகிற விசில் இல்லை, வேலைக்கு ஊதுகிற விசில். தெருவில் கேட்டுக்கொள்வோம்.

என்னை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மையாருக்கு நன்றி. கேடயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கும் சேர்த்து நன்றி. எழுதிக் கொடுத்த அலுவலர் ஐயாவுக்கு நன்றி. பேனா கொடுத்த தலைமையாசிரியருக்கு நன்றி. கேட்காமல் போன மாமியாரை இன்றுவரை ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டாத என் மருமகளுக்கு நன்றி. தெரிந்தும் தெரியாததுபோல் என் தேநீரைக் குடித்த என் சகோதரிக்கு நன்றி என்று சொன்னால் அது குறைவு, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் உங்கள் நாற்காலிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நீங்கள் குடித்த காகிதக் குவளை அங்கே இருக்கிறது. கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த மண்டபத்தைக் கூட்டப் போகிறவரும் ஏதோ ஒரு தெருவில் வேண்டாம் என்று எழுதப்பட்டவராக இருக்கலாம்.

நான் களைத்துத்தான் போயிருக்கிறேன். இருந்தாலும் திங்கட்கிழமை காலை, இரண்டு தொட்டியையும் எடுத்துக்கொண்டு, ஆறரை மணிக்கு வாசலில் நிற்பேன். மூன்றாவது ஊதலுக்கு இனி வேலை இருக்காது.

வருகிறேன். வணக்கம்.